ஏரோப்பிளேன் மேரி

பேச்சை நடுவில் நிறுத்திவிட்டு சந்தனமேரி ஒரு விரலை உயர்த்துகிறார். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. வேலியோரம் மேயும் ஆடுகளுக்கும் கேட்டதாகத் தெரியவில்லை. சேலைக்கு மேல் போட்டிருக்கும் முழுக்கைச் சட்டையின் பையிலிருந்து, தலையில் கறுப்புப் பஞ்சுருண்டை வைத்த ஒரு கருவியை எடுத்து வானத்தைப் பார்க்க நீட்டுகிறார். பத்து விநாடி போகிறது. முந்திரிக் காட்டுக்கு மேல் விமானம் தலைகாட்டுகிறது. சக்கரங்களை இறக்கிக்கொண்டு, அடிவயிற்று எழுத்துகள் தெரிய, எங்கள் தலைக்கு மேல் போகிறது. நாற்பது விநாடிக்கு வேறு எந்தச் சத்தமும் காதில் ஏறவில்லை. கருவியில் எழுபத்தாறு டெசிபல். நோட்டில் குறித்துக்கொண்டு, விட்ட சொல்லுக்கு அடுத்த சொல்லிலிருந்து தொடங்குகிறார்: "...அதுக்கு அந்த ரோட்டை மாட்டுக்கே விட்டுரலாம் சார்." எந்த ரோடு, எதற்கு என்பதெல்லாம் எனக்கு மறந்துபோயிருந்தது. அவருக்கு மறக்கவில்லை.

விமான நிலையம் இருப்பது பக்கத்து மாவட்டத்தில். விமானம் இறங்கும் வழி மட்டும் புதுக்கோட்டை மாவட்டத்தின் வடக்கு ஓரத்து ஊர்களின் மேலே போகிறது. இந்த ஊர்க்காரர்கள் எல்லோருக்குமே அந்த நிறுத்தல் பழகிவிட்டது. டீக்கடைப் பேரம், குழாயடிப் பேச்சு, பெண் பார்க்க வந்த வீட்டு விசாரிப்பு எல்லாம் நாற்பது விநாடி நின்று பிறகு தொடரும். பூசாரிக்கொல்லை என்ற ஊரில் இரண்டு பங்காளிகள் வரப்புத் தகராறில் கையை ஓங்கிக்கொண்டு நிற்கும்போது விமானம் வந்ததாம். அது போகும்வரை ஓங்கிய கையோடு முறைத்துக்கொண்டு நின்றார்களாம். போன பிறகு யார் பேச வேண்டிய முறை என்று இருவருக்கும் தெரியவில்லை. "அன்னைக்கு ஒரு நாளு பிளேனால ஒரு நல்லது நடந்துச்சு. அதையும் எழுதி அனுப்பிச்சேன்" என்றார் மேரி.

விமானச் சத்தத்தை அளப்பதும், அதன் கீழே குடியிருப்பவர்களிடம் குறை கேட்பதும் அவர் வேலை. சென்னையில் உள்ள ஒரு நிறுவனம் இந்த வேலையைக் குத்தகைக்கு எடுத்திருக்கிறது. அந்த நிறுவனத்துக்கு இந்தப் பகுதியில் மேரி. பதினோரு வருடம் தனியார் பள்ளியில் டீச்சராக இருந்தவர். தன் ஊரான ஆவூரில் தடுக்கி விழுந்தால் ஒரு டீச்சர் மேல்தான் விழ வேண்டும் என்று அவரே சொல்கிறார். கணவர் பீட்டர் குவைத்தில் கிரேன் ஓட்டுகிறார். மகள் நர்சிங் இரண்டாம் வருடம். அவளுடைய விடுதிச் செலவு மேரியின் சம்பளத்தில் ஓடுகிறது. மேரியின் அடையாள அட்டையில் 'சமூகத் தொடர்பு ஒருங்கிணைப்பாளர்' என்று போட்டிருக்கிறது. அதைச் சொல்லி முடிப்பதற்குள் ஒரு விமானம் போய்விடும் என்பதாலோ என்னவோ, ஊர்களில் அவர் பெயர் ஏரோப்பிளேன் மேரி.

ஒரு இடத்தில் நிற்க மாட்டார். காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவர் என்று சொல்வார்களே, அந்த ரகம். ஸ்கூட்டரை நிறுத்தினால் சாவியை எடுப்பதில்லை. இட்லியை நின்றுகொண்டு தின்கிறார். நாற்காலி போட்டால் அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு பேசுகிறார், கட்டைவிரல் மட்டும் அதில் தாளம் போடுகிறது. இரண்டு கைபேசி, இரண்டும் ஒலிக்கும்போது இரண்டையும் எடுத்து இரண்டு பேரையும் "இருங்க" என்கிறார். மூன்று நாள் அவர் பின்னால் பைக்கில் போன எனக்கு இடுப்பு கழன்றுவிட்டது. 'ஒரு பக்கத்துக்குள் எழுதுங்கள்' என்று சொன்ன பத்திரிகை ஆசிரியர் ஒரு முறை இவருடன் வந்து பார்த்திருக்க வேண்டும்.

காது அபாரம். கண்ணை மூடிக்கொண்டே, "இது கொழும்பு, சின்ன வண்டி. இந்தா பின்னாடியே சிங்கப்பூர் வாரான் பாருங்க, அவன் கொஞ்சம் கனமா வருவான்" என்கிறார். ஆவூர்க் கோயிலில் ஞாயிற்றுக்கிழமைப் பூசையின்போது மணிச் சத்தம் எண்பத்திரண்டு என்று மனத்துக்குள் ஓடுகிறதாம், அதைப் பாவமென்று ஒப்புக்கொண்டு சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்திருக்கிறார். சாமியார் சிரித்துவிட்டாராம்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் பூசாரிக்கொல்லைத் தண்ணீர்த் தொட்டியின் மேல் ஒரு பெட்டி வைத்தார்கள். இருபத்துநாலு மணி நேரமும் சத்தத்தைப் பதிவு செய்யும் பெட்டி. அதே வாரத்தில் ஒரு வீட்டில் காதுகுத்து. தொட்டிக்காலிலேயே குழாய் ஒலிபெருக்கியைக் கட்டிவிட்டார்கள். சென்னையிலிருந்து மேற்பார்வையாளர் ரகுநாத் போன் செய்து, "மேடம், ஒரே பிளேன் ஒன்பது மணி நேரம் அங்கயே சுத்திக்கிட்டு இருந்துச்சா?" என்று கேட்டாராம். மேரி நேரே காதுகுத்து வீட்டுக்குப் போய், நடந்ததைச் சொல்லி, சாப்பாடும் சாப்பிட்டுவிட்டு வந்தார். அதிலிருந்து அந்த ஊரில் விசேஷம் என்றால் தேதியை முதலில் மேரியிடம் சொல்லிவிடுகிறார்கள்.

அந்தப் பெட்டி மேல் மேரிக்கு இப்போது கோபம். பெட்டி கணக்குப் பார்ப்பது ஒரு நாளின் சராசரியை. பூசாரிக்கொல்லைக்கு மேலாகக் காலை ஒன்பதரைக்கும் பதினொன்றுக்கும் நடுவில் ஏழு விமானம் இறங்குகிறது. மத்தியானம் ஒன்றிரண்டு. மிச்ச நேரமெல்லாம் மயிலும் கோழியும்தான். ஏழு விமானத்தின் இரைச்சலை நாள் முழுக்கப் பரத்தித் தடவினால் சராசரி அடங்கிப்போகிறது. "சராசரி பாத்தா எங்க வீட்டுக்காரரு பாதி குவைத்துல, பாதி ஆவூருல இருக்காரு சார். அவரு கூட நான் குடும்பம் நடத்திக்கிட்டு இருக்கேன்" என்றார். இதைச் சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை.

அந்த ஒன்றரை மணி நேரம் யாருக்கு என்று பார்க்க என்னைப் பள்ளிக்கூடத்துக்கு அழைத்துப் போனார். பூசாரிக்கொல்லைத் தொடக்கப் பள்ளி. தகரக் கூரை போட்ட ஒரே அறையில் ஒன்றிலிருந்து மூன்று வரை வகுப்புகள், இருபத்திரண்டு பிள்ளைகள், புவனேஸ்வரி டீச்சர். டீச்சருக்கு வயது முப்பத்தைந்துதான் இருக்கும், குரல் மட்டும் தேய்ந்து கரகரத்துக் கிடந்தது. சத்தமாகப் பேசக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். சொல்வதை எழுதும் பாடம் நடந்துகொண்டிருந்தது. "மழை பெய்தால் குளம்" என்றார் டீச்சர். விமானம் வந்தது. தகரம் அதிர்ந்தது. டீச்சரின் வாய் அசைந்தது. பிள்ளைகள் வாயைப் பார்த்தார்கள், பிறகு கூரையைப் பார்த்தார்கள். சத்தம் ஓய்ந்தபோது டீச்சர் இருமிக்கொண்டே அடுத்த வாக்கியத்துக்குப் போய்விட்டார்.

மேரி நோட்டுகளை வாங்கி என்னிடம் கொடுத்தார். எல்லா நோட்டிலும் 'மழை பெய்தால் குளம்' என்று இருந்தது. பிறகு ஒரு விரல்கடை வெற்றிடம். குளம் என்ன ஆகும் என்பது இருபத்திரண்டு பேரில் ஒருவருக்கும் தெரியவில்லை. முந்தின பக்கங்களைப் புரட்டினேன். தினமும் அங்கங்கே அதே வெற்றிடம், எல்லா நோட்டிலும் ஒரே இடத்தில். பிள்ளைகள் அதை நிரப்புவதில்லை, கேட்பதும் இல்லை. பாடம் என்றால் அப்படித்தான் நடுவில் ஓட்டை இருக்கும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள் போலும். 

"டீச்சர் குரல் அறுபத்திரண்டு. தகரத்துக்குக் கீழ பிளேன் எழுபத்தெட்டு. அதாவது எப்படின்னா, புள்ளைங்களுக்குத் தெனம் அஞ்சு நிமிசம் பாடம் களவு போகுது சார். போலீசுல எழுதிக் குடுக்க முடியுமா?" என்றார் மேரி.

எழுதிக் கொடுக்க வேறு வழி இருந்தது. விமானச் சத்தம் அதிகமாக விழும் ஊர்களை வரைபடத்தில் ஒரு சிவப்புக் கோட்டுக்குள் கொண்டுவருகிறார்கள். கோட்டுக்குள் வரும் ஊரில் பள்ளிக்கூடத்துக்குத் தகரத்தை எடுத்துவிட்டு, சத்தம் புகாத கூரையும் இரட்டைக் கண்ணாடி ஜன்னலும் போட்டுத் தருவார்கள். அதற்குப் பெட்டியின் சராசரி வரம்பைத் தாண்ட வேண்டும். தாண்டாத ஊர் என்றால் பத்து வீட்டார் எழுத்து மூலம் குறை சொல்லியிருக்க வேண்டும். அந்த வெள்ளிக்கிழமை கருத்துக்கேட்புக் கூட்டம். சாயங்காலம் ஐந்து மணிக்குள் மனு சேர வேண்டும். விட்டால் அடுத்த வரைபடம் ஐந்து வருடம் கழித்து. இப்போது ஒன்றாம் வகுப்பில் உட்கார்ந்திருப்பவர்கள் அதற்குள் பள்ளியை விட்டே போயிருப்பார்கள். பூசாரிக்கொல்லையில் அறுபத்துநாலு வீடு. மேரி ஒன்பது மாதமாக நடையாய் நடந்தும் ஒரு வீடு கூட எழுதவில்லை.

காரணம் எளிது. அந்த அறுபத்துநாலு வீட்டில் ஐம்பது வீட்டுப் பிள்ளைகள் ஷார்ஜாவிலும் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இருக்கிறார்கள். கூரையை அதிரவைக்கும் அதே விமானத்தில்தான் அவர்கள் வர வேண்டும். "எம் மவன் ஏறி வர்ற வண்டி மேல நானே பெட்டிசன் குடுக்கறதா? வாய வச்சுட்டா வெளங்குமா?" என்று மூக்காயி என்னிடமே கேட்டார். ஐம்பத்தைந்து வயது, கணவர் இல்லை, நூறு நாள் வேலைக்கும் கடலை பறிக்கவும் போகிறவர். மகன் கவியரசன் ஷார்ஜாவில் ஏசி மெக்கானிக். விமானம் தலைக்கு மேல் போகும்போதெல்லாம் மூக்காயி தலையில் உள்ள சும்மாட்டை எடுத்துக் கையில் வைத்துக்கொள்கிறார். கேட்டால், சும்மாதான் என்கிறார்.

புதன்கிழமை காலை மேரி ஒரு முடிவுக்கு வந்தார். படிவத்தை வீடு வீடாகக் கொடுத்துவிட்டு, "நான் நிக்கல. நான் நின்னா ஒங்களுக்குக் கூச்சமா இருக்கும். நீங்களே யோசிச்சு எழுதி வைங்க, நாளைக்கு வந்து வாங்கிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். வியாழக்கிழமை மத்தியானம் போனபோது ஊர்ப் பொதுக் கொட்டகையில் மலையாண்டி என்பவர் ஒரு கட்டுக் காகிதத்தோடு உட்கார்ந்திருந்தார். அவருக்கு ஊரில் எழுத்து வேலை தெரிந்த மனிதர் என்று பெயர். "பன்னெண்டு வீடு எழுதிருக்கு மேரி" என்றார். மேரி கட்டை வாங்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டார். ஒன்பது மாதத்தில் அவர் அப்படி அசையாமல் நின்று பார்த்ததில்லை என்று, அங்கே வந்திருந்த புவனேஸ்வரி டீச்சர் பிறகு சொன்னார்.

படிவத்தில் ஒரு கேள்வி இருக்கிறது: 'விமான ஒலியால் உங்களுக்கு எது தடைப்பட்டது?' முதல் படிவத்தில் மலையாண்டியின் அழகான கையெழுத்தில் பதில் இருந்தது: 'இடைஞ்சல் ஏதும் இல்லை. சந்தனமேரி அவர்கள் நல்ல முறையில் பணியாற்றுகிறார்கள்.' இரண்டாவதிலும் அதே. மூன்றாவதில் 'பரவாயில்லை' என்று ஒரே சொல். பன்னிரண்டையும் மேரி படித்து முடித்தார். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கு ஆவது தெரியும். இங்கே பிடித்தவர்கள் குரங்குக்கு மாலையும் போட்டுக் கொண்டுவந்திருந்தார்கள்.

"என்னண்ணே இது?" என்றார் மேரி.

"போன வாரம் ஒங்க மெட்ராஸ்காரரு, அந்த ரகுநாத்து, காருல வந்தாருல்ல" என்றார் மலையாண்டி. "எல்லாரு முன்னாடியும் ஒன்னைய நிக்க வச்சு, இந்த ஏரியாவுல கம்ப்ளெயின்ட் வரக் கூடாது, கண்ட்ரோல் பண்ணுங்கன்னு சொன்னாரா இல்லையா? இதே கொட்டகையிலதான். அப்பறம் நீ பாட்டுக்குப் பேப்பரக் குடுத்துட்டுப் போயிட்ட. நாங்க உள்ளத எழுதிப்புட்டா ஒன் வேலை என்ன ஆகுறது? பொம்பளப் புள்ளைய ஆஸ்டல்ல படிக்க வச்சிருக்க. அதான் பேசி வச்சு, எல்லாரும் ஒரே மாதிரி நல்லபடியா எழுதிட்டோம்."

சொல்லிவிட்டுச் சங்கோஜமாகச் சிரித்தார். ஊர் கூடி யோசித்துச் செய்த உபகாரம். மேரிக்குத் திட்டவும் முடியவில்லை, நன்றி சொல்லவும் முடியவில்லை. கொட்டகைக்கும் வேப்பமரத்துக்கும் நடுவில் நாலு நடை நடந்தார். அந்த நேரம் பார்த்து ரகுநாத் போன் செய்தார். பன்னிரண்டு படிவம் வந்த விஷயத்தை மேரி மறைக்கவில்லை. அதில் என்ன எழுதியிருக்கிறது என்பதையும் சொன்னார்.

"சூப்பர் மேடம். அப்படியே போட்டோ எடுத்து அனுப்பிடுங்க" என்ற குரல் எனக்கும் கேட்டது. "காண்ட்ராக்ட் ரினியூவலுக்கு இதான் மேடம் நமக்கு வேணும்."

"சார், அது ஒண்ணும் நெசம் இல்ல. எனக்காகப் பாவம் பாத்து எழுதியிருக்காங்க. திருப்பிக் குடுத்து உள்ளதை எழுதி வாங்கப் போறேன்."

 "மேடம், நான் சொல்றதக் கேளுங்க. அந்தப் பத்து வந்துச்சுன்னா ஒண்ணாந் தேதியில இருந்து அந்த ஏரியாவுக்கு வேற ஆளு. மேல சொல்லிட்டாங்க. நான் தடுக்க முடியாது." ரகுநாத்துக்கு முப்பது வயது கூட இருக்காது. மிரட்டும் குரல் இல்லை அது. அவருக்கும் மேலே யாரோ விரல் உயர்த்திக்கொண்டு நின்றிருப்பார்கள்.

மேரி போனைப் பையில் போட்டார். "கேட்டுச்சாண்ணே? என் வேலை கெடக்குது. அத நான் பாத்துக்கிறேன். நீங்க உள்ளத எழுதுங்க" என்றார். கொட்டகையில் பத்துப் பன்னிரண்டு பேர் கூடியிருந்தார்கள்.  வேலைக் காரணம் போனாலும் இன்னொரு காரணம் அப்படியேதான் இருந்தது. விமானத்தின் மேல் எழுதிக் கொடுக்க யாருக்கும் கை வரவில்லை.

அப்போது கூட்டத்தில் நின்றிருந்த மூக்காயியின் போன் அடித்தது. கவியரசன். ஷார்ஜாவில் அவனுக்கு அது சாப்பாட்டு நேரம். மூக்காயிக்குக் காது மந்தம் என்பதால் ஒலிபெருக்கியில் போட்டுத்தான் பேசுவார். "ஆத்தா, சாப்பிட்டியா?" என்றான். "ஆச்சுய்யா, நீ?" என்றார். அதற்குள் மேரி விரலை உயர்த்திவிட்டார். விமானம் வந்தது. மூக்காயி பழக்கப்படி வாயை மூடிக்கொண்டார், போனைக் காதோடு அழுத்திக்கொண்டு. கொட்டகையில் இருந்த அத்தனை பேரும் அப்படியே நின்றோம். அது போய் முடிந்ததும் போனில் அவன் குரல், "ஆத்தா, ஆத்தா, இருக்கியா" என்று கேட்டுக்கொண்டிருந்தது.

"இருக்கேன்யா."

"நீ ஏன் ஆத்தா நடுவுல நடுவுல பேசாம இருந்துர்ற?" என்றான் கவியரசன். "மூணு வருசமா பாக்குறேன். ஏதாவது கேட்டா லைன்ல ஒரேயடியா இரைச்சல், அப்பறம் பாத்தா நீ கம்முனு இருக்க. தங்கச்சி கலியாணத்துக்கு நான் வரலன்னு ஒனக்கு இன்னும் மனசு ஆறலன்னு நெனச்சுக்கிட்டு நானே வச்சுருவேன்."

மூக்காயிக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. "எனக்கா கோவம்? அட கூறுகெட்டவனே. பிளேன் போகுதுடா. அது போகட்டும்னு வாய மூடிக்கிட்டு இருப்பேன். போன ஒடனே பேசலாம்னு பாத்தா, நீ வச்சிட்டுப் போயிருப்ப. ஒனக்கு வேலை கெடக்கும்னு நானும் விட்டுருவேன்."

"பிளேனா? நான் ஊருல இருந்தப்ப மத்தியானத்துல பிளேனே கெடையாதே. இத ஏன் ஆத்தா இம்புட்டு நாளாச் சொல்லல?"

"ஒன் வண்டியப் பத்தி நான் எப்படிய்யா கொறை சொல்லுவேன்?" என்றார் மூக்காயி. அவர் குரல் உடைந்தது. கூட்டத்தில் ஒரு பெண் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள்.  மூன்று வருடம், ஆத்தாளின் கோபம் ஆறட்டும் என்று மகனும், மகனுக்கு வேலை கிடக்கும் என்று தாயும் பேச்சைப் பாதியில் விட்டிருக்கிறார்கள். கோபம் யாருக்கும் இருந்ததே இல்லை.

மூக்காயி கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "ஏய்யா, இங்க மேரி ஒரு பேப்பரு வச்சிருக்கு. பள்ளிக்கூடத்துப் புள்ளைங்களுக்காக. நீ ஏறி வர்ற வண்டி மேல நான் எழுதிக் குடுத்தா ஒனக்கு ஏதும் ஆகாதுல்ல?"

"வண்டிக்கு ஒண்ணும் ஆகாது ஆத்தா. எனக்கும் ஆகாது. நீ எழுதிக் குடு."

மூக்காயி தன் பெயர் இருந்த படிவத்தைக் கட்டிலிருந்து உருவச் சொன்னார். மேரி புதுப் படிவம் எடுத்தார். "எழுது மேரி" என்றார் மூக்காயி. "எம் மவன் பேசுறது எனக்குக் கேக்கலன்னு எழுது. நான் பேசுறது அவனுக்குக் கேக்கலன்னு எழுது." மேரி எழுதினார். கீழே மூக்காயி தன் பெயரை ஒவ்வொரு எழுத்தாக நிறுத்தி நிறுத்திப் போட்டார். 'யி' மட்டும் கட்டத்துக்கு வெளியே போய்விட்டது.

அதன் பிறகு பூசாரிக்கொல்லையில் நடந்ததை நான் இதற்கு முன் எங்கும் கண்டதில்லை. வீட்டுக்கு வீடு போனைப் போட்டு, வெளிநாட்டில் உள்ள பிள்ளைகளிடம் அனுமதி கேட்டார்கள். சிங்கப்பூர்க்காரர்கள் வேலையில் இருந்தார்கள், எடுக்கவில்லை. எடுத்தவர்கள், "எந்தப் பிளேனு? யாரு பெட்டிசன்?" என்று முதலிலிருந்து கேட்டார்கள். ஒரு பையன், விசாவுக்கு ஏதும் ஆகாதே என்று மேரியிடம் மூன்று முறை கேட்டு உறுதி செய்துகொண்டான். மேரி இந்த வாசலுக்கும் அந்த வாசலுக்கும் ஓடிக்கொண்டிருந்தார். பொழுது சாய்வதற்குள் மூக்காயியோடு சேர்த்து ஏழு வீடு. வெள்ளிக்கிழமை காலையில் இன்னும் இரண்டு. ஆக ஒன்பது.

பத்தாவது மலையாண்டி. ஊருக்கே எழுதிக் கொடுத்தவர், தன் வீட்டுக்கு எழுத மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார். மகன் மலேசியாவில் இரவு வேலை, பகலில் போனை அணைத்துவிட்டுத் தூங்குகிறவன். "அவன ஒரு வார்த்த கேக்காம எழுதுனா தப்பாயிரும்" என்றார். மேரி வேறு வீடுகளைத் தட்டினார். சில பூட்டிக் கிடந்தன, சிலர் நாளைக்குப் பார்க்கலாம் என்றார்கள். நாளை என்று ஒன்று இல்லை என்பதை எத்தனை பேருக்குச் சொல்வது? இரண்டு மணி. இரண்டரை. மேரி மலையாண்டி வீட்டு வாசலில் நடந்த நடையில் அவர் வீட்டுக் கோழிகள் இடம் மாறிப் போய்ப் படுத்தன. மூன்றேகாலுக்குப் போன் வந்தது. மகன் முழுதாகக் கேட்கக் கூட இல்லை. "இதுக்கா அப்பா எழுப்பிக் கேக்குறீங்க, போட்டுக் குடுங்க" என்றான். அவனை யாரும் எழுப்பவில்லை, அவனேதான் கூப்பிட்டிருந்தான். அதை எடுத்துச் சொல்ல அங்கே யாருக்கும் நேரமில்லை.

கூட்டம் நெடுஞ்சாலை ஓரத்துக் கல்யாண மண்டபத்தில். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது நாலே முக்கால். மேடையில் பேசி முடித்துவிட்டுப் பலகாரத் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். மனு வாங்கும் மேசை வாசல் பக்கம் இருந்தது. அதில் நடு வயது அதிகாரி ஒருவர் காகிதங்களைப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தார். இரண்டு அடி தள்ளி ரகுநாத் கையில் போனோடு நின்றிருந்தார். மேரியைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. "மேடம், ஒரு நிமிஷம் வெளியே வாங்க, பேசிக்கலாம்" என்றார் தாழ்ந்த குரலில்.

மேரி அவர் பக்கம் திரும்பவில்லை. பத்துப் படிவங்களையும், வழியில் நிறுத்தி எடுத்த பத்து நகல்களையும் மேசை மேல் வைத்தார். "பூசாரிக்கொல்லை சார். பத்து வீடு."

அதிகாரி மேலாகப் பார்த்தார். "வச்சுட்டுப் போங்கம்மா. சேத்துக்கிறோம்."

"நகல்ல தேதி போட்டு சீல் வச்சுக் குடுத்துருங்க சார். இல்லாட்டி இன்னைக்கு வந்துச்சுன்னு நாளைக்கு யாரும் சொல்ல மாட்டாங்க."

"மேடம்" என்றார் ரகுநாத் மறுபடியும். "ஒண்ணாந் தேதி ஞாபகம் இருக்குல்ல?"

"இருக்கு சார்" என்றார் மேரி.

அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். சீலை எடுத்து மைப் பெட்டியில் ஒரு முறை ஒற்றி, ஓரத்துக் காகிதத்தில் அழுத்திப் பார்த்தார். ஒன்றும் விழவில்லை. "மை காஞ்சு போச்சும்மா. திங்கக்கெழமை ஆபீசுக்கு வாங்க, போட்டுத் தாரேன்" என்று பெட்டியை மூடினார்.

மேரி கையை நீட்டி அந்த மைப் பெட்டியை எடுத்துத் திறந்தார். மேசையில் இருந்த தண்ணீர் பாட்டிலைத் திறந்து, மூடியில் கொஞ்சம் ஊற்றி, அதிலிருந்து இரண்டு சொட்டை மட்டும் காய்ந்த மையின் மேல் விட்டார். கட்டைவிரலால் ஒரு மூலையிலிருந்து மறுமூலை வரை அழுத்தி அழுத்தித் தேய்த்தார், விரல் ரேகை முழுக்க நீலம் ஏறும்வரை. பிறகு பெட்டியை அதிகாரியின் வலது கைக்குப் பக்கத்தில் திறந்தபடி வைத்துவிட்டு, மின்விசிறிக் காற்றில் பறக்காமல் மூக்காயியின் நகலை இரண்டு கையாலும் மேசையோடு பிடித்துக்கொண்டார்.